ஒரு வீட்டில் துப்பாக்கி, ஒரு வீட்டில் தோட்டா

அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கழனியை அளந்து பிரித்தார்கள். பித்தளைப் பாத்திரங்களைத் தராசில் போட்டுப் பிரித்தார்கள். வீட்டின் நடுவே சுவர் எழுப்பி, கொல்லையில் ஓர் ஆள் உயரத்துக்கு அதை நீட்டி, கிணற்றை மட்டும் பொதுவில் விட்டார்கள். கடைசியில் துப்பாக்கி மிஞ்சியது.

ஒற்றைக் குழல் துப்பாக்கி. ஏரிக்குப் பின்னால் இருந்த காட்டிலிருந்து ராத்திரியில் பன்றிகள் இறங்கி வேர்க்கடலையைத் தோண்டித் தின்றுவிடும் என்பதற்காகப் பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தது. லைசென்ஸ் அப்பா பெயரில். ஆனால் பன்றி இரண்டு பேர் கழனியிலும்தான் இறங்கும். பஞ்சாயத்துக்கு வந்திருந்தவர்களில் ஒருவர், வெற்றிலை போட்டுக்கொண்டே, துப்பாக்கி பெரியவன் வீட்டில் இருக்கட்டும், தோட்டா சின்னவன் வீட்டில் இருக்கட்டும் என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம். சிரித்து முடித்த பிறகு வேறு யோசனை யாருக்கும் தோன்றாததால் அதுவே தீர்ப்பானது.

அப்படித்தான் நான் வளர்ந்த வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தது, சுட முடியாத துப்பாக்கியாக. நடுக் கட்டு என்று நாங்கள் சொல்லும் நடு அறையில், சாமி படங்களுக்குப் பக்கத்துச் சுவரில், இரண்டு மரக் கட்டைகள்மேல் அது படுத்திருக்கும். பகல் தூக்கத்தில் நான் கண் விழித்தால் முதலில் தெரிவது அதுதான். ஓட்டு இடுக்கில் விழும் வெயில் குழலின்மேல் மெல்ல நகர்ந்து, நுனிக்கு வந்ததும் காணாமல் போகும். அதைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் தூங்கிப்போவேன். அதைக் கண்டு பயந்ததாக ஞாபகம் இல்லை. தூக்கத்தில் இருக்கும் ஓர் உறவுக்காரரைப்போல அது எங்களோடு இருந்தது.

பன்றி வந்தால் அப்பா கொல்லைச் சுவரருகே போய் தோட்டா கேட்பார். சித்தப்பா அந்தப் பக்கத்திலிருந்து, இன்னாத்துக்கு என்று கேட்பார். தெரியாமல் கேட்பதில்லை, கேட்க வேண்டும் என்று கேட்பது. பன்னிக்கு என்பார் அப்பா. சுவருக்கு மேல் ஒரு கை நீளும். அதில் ஒரு தோட்டா இருக்கும், அடியில் பித்தளை மினுங்கும் சிவப்புக் குழாய். சுட்டு முடித்ததும் காலித் தோட்டாவைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சித்தப்பாவுக்குத் தேவைப்பட்டால் அவர் வந்து துப்பாக்கி கேட்பார். அப்போது இன்னாத்துக்கு என்று கேட்பது அப்பாவின் முறை.

டிப்ளமோ முடித்து மண்ணூர் திருப்பத்தில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், அந்த வெற்றிலைப் பெரியவர் என்ன செய்துவிட்டுப் போனார் என்று எனக்குப் புரிந்தது. எங்கள் தொழிற்சாலையில் தகடு வெட்டும் பவர் பிரஸ்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு பொத்தான்கள், ஒரு கைக்கு எட்டாத தூரத்தில். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். இரண்டு கையும் பொத்தான்மேல் இருந்தால் எந்தக் கையும் இறங்கும் அச்சுக்குக் கீழே இருக்க முடியாது. ஆளை நல்லவனாக மாற்ற வேண்டியதில்லை, கவனமாக இருக்கச் சொல்லி போர்டு எழுத வேண்டியதில்லை. தூரம் போதும்.

ஒருநாள் அளவுகோலோடு லைனைச் சுற்றி வரும்போது, ஓர் ஆபரேட்டர் இடது பொத்தானை சைக்கிள் ட்யூப் ரப்பரால் இறுக்கிக் கட்டிவிட்டு, வலது கையால் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் நின்றதும் சிரித்தார். “ஒரு கைல மிஷினு, ஒரு கைல டீ. இன்னா மேடம், நீங்களும் சாப்புடறீங்களா?” என்றார். சூப்பர்வைசர் வந்து ரப்பரை பிளேடால் அறுத்துப் போட்டார். அன்று யாருக்கும் விரல் போகவில்லை. ஆனால் அந்தக் கட்டிய பொத்தானைப் பார்த்த நொடியில் எனக்கு ஒரு பயம் வந்தது. அது எந்தப் பயம் என்று அப்போது தெரியவில்லை. கொஞ்ச நாளில் தெரிந்தது.

தொண்ணூற்றொன்றாம் வருடம் தேர்தல் வந்தது. தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும், முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு தேர்தலுக்கும் அப்பா அப்படித்தான் செய்வார். தோட்டாவைப் பற்றி யாரும் கேட்டதில்லை, அது பாட்டுக்குச் சித்தப்பா வீட்டில் கிடக்கும். அந்த மே மாதம் எங்கள் பக்கத்தில் நடந்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதற்குப் பிறகு எங்கே திரும்பினாலும் போலீஸ், தேர்தல் தள்ளிப்போனது, பஸ்ஸில் போகிறவர்களின் சாப்பாட்டுப் பையைக்கூடத் திறந்து பார்த்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளில் ஊருக்கு வந்து, துப்பாக்கி வந்தது, தோட்டா எங்கே என்று அப்பாவைக் கேட்டார். சித்தி அதை ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். கான்ஸ்டபிள் சைக்கிள் ஹேண்டில்பாரில் பையை மாட்டிக்கொண்டு, தேர் தெருவில் போவதுபோல நிதானமாகப் போனார்.

அந்தக் கோடை இப்போது நினைத்தால் ஒரே நீண்ட பகலாகத்தான் தெரிகிறது. ஏரி வற்றி, தரை சதுரம் சதுரமாக வெடித்திருந்தது. வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தால், வெயில் தணிந்த மண்ணிலிருந்து சூடு எழுந்து பனைமரங்கள் தண்ணீரில் நிற்பதுபோல ஆடும். காதில் பிரஸ் சத்தம் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும், கடலருகே போய்வந்தவர்களுக்கு அலை கேட்பதுபோல. வீட்டுக்குள் நுழைந்தால் துப்பாக்கி இருந்த இடத்தில் சுண்ணாம்பு மட்டும் வெளுப்பாக, அதே வடிவத்தில். அம்மா அந்தக் கட்டைகளில் என் குடையை மாட்டிவைத்தார். எனக்கு அது பிடித்திருந்தது. வீடு கொஞ்சம் பெரிதானதுபோல இருந்தது.

ஆனால் அதே கோடையில்தான் அண்ணன் தம்பி பேச்சு நின்றது. தொழிற்சாலை வரப்போகிறது என்று சொல்லி நிலம் வாங்கும் புரோக்கர்கள் வெள்ளைச் சட்டையில் பிள்ளைப்பாக்கம் டீக்கடையில் உட்கார ஆரம்பித்திருந்தார்கள். சித்தப்பா தன் பாகத்தில் ஒரு பகுதியை விற்றார். விற்றதில் தப்பில்லை, அவருடைய நிலம். ஆனால் எங்கள் கழனிக்கு வண்டி போகும் வழி அதற்குள்தான் ஓடியது. எழுதிக் கொடுக்கும்போது வழியைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. யோசித்தும் சொல்லவில்லை என்றார் அப்பா. இரண்டில் எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சர்வேயர் வந்து அளந்து கல் நட்டால் வழி போய்விடும். வழி போனால் கழனிக்கு வண்டி போகாது, எருவும் போகாது. கிணற்றடியில் அம்மாவும் சித்தியும் பேசிக்கொண்டார்கள். ஆண்கள் இரண்டு பேரும் ஒருவர் வரும் சத்தம் கேட்டால் மற்றவர் உள்ளே போய்விடுவார்கள்.

தேர்தல் முடிந்து, துப்பாக்கியை வாங்கிக்கொள்ளச் சொல்லி ஆள் வந்தது. எனக்கு வார விடுமுறை. அப்பா கையெழுத்துப் போடும் இடங்களில் எப்போதும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார், அன்றும் போனோம். ஸ்டேஷன் ரைட்டர் துப்பாக்கியை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு குனிந்து அந்தத் துணிப்பையையும் எடுத்து, துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் ஒன்றாக ஒரே மேசையில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இத்தனை நாள் தோட்டா எங்கே இருந்தது என்று அவர் கேட்டார். அப்பா உள்ளதைச் சொன்னார். ரைட்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“இன்னா பெரியவரே, தோட்டா இன்னொருத்தர் வூட்ல கீதுன்னா அவரு மேல கேஸுதான் ஆவும். லைசென்ஸ் யாரு பேர்லயோ அவருகிட்டதான் ரெண்டும் இருக்கணும். புரிஞ்சிதா?”

சட்டப்படி அவர் சொன்னது சரி. ஒரு பொருளுக்கு ஒரே ஆள் பொறுப்பு என்று சட்டம் நினைக்கிறது. எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து அப்படி நினைக்கவில்லை. அந்த மேசைக்கு முன்னால் நின்றபோது எனக்கு சைக்கிள் ட்யூப் ரப்பர் கண்முன் வந்தது.

வெளியே புங்கமர நிழலில் பஸ்ஸுக்கு நின்றோம். அப்பா துப்பாக்கியைச் சாக்கில் சுற்றித் தோளில் சாய்த்திருந்தார். பை என்னிடம் இருந்தது. அவர் முகத்தில், பல மாதங்களாகப் பார்க்காத ஒரு தெளிவு. ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “இனிமே எவன்கிட்டயும் போயி நிக்கத் தேவல.”

அப்பா கெட்டவர் இல்லை. யாரையும் கை நீட்டி அடித்துக்கூட நான் பார்த்ததில்லை. துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு மனிதன் வருடம் முழுதும் எப்படி இருக்கிறான் என்பதற்கும், வெயிலில் ஒரு மதியம் கல் நடும்போது எப்படி இருப்பான் என்பதற்கும் நடுவே எதுவுமே இல்லாமல் போய்விட்டதே என்று இருந்தது.

வீட்டில் அப்பா என் குடையை எடுத்துக் கீழே வைத்துவிட்டுத் துப்பாக்கியை மாட்டினார். தோட்டாக்களைத் தகர டப்பாவில் போட்டு அதே சுவர் மாடத்தில் வைத்தார். அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்தார். ரெண்டும் ஒரே வூட்லயா என்று மட்டும் கேட்டார். சர்வேயர் அடுத்த வாரம் வருவதாகப் பேச்சு.

அம்மா என்னிடம், அந்த டப்பாவைக் கிணற்றில் போட்டுவிடு என்றார். நான் வழக்கம்போல எல்லா வழிகளையும் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். கிணறு என்றால், தூர் வாரும்போது வெளியே வரும். ஏரியில் தண்ணீரே இல்லை. ஸ்டேஷனில் திருப்பிக் கொடுத்தால் காரணம் கேட்பார்கள், காரணத்தைச் சொன்னால் அப்பாவை அங்கேயே உட்கார வைத்துவிடுவார்கள். பூட்டி வைக்கலாம், ஆனால் பூட்டுக்குச் சாவி இந்த வீட்டில்தான் இருக்கும். எல்லாவற்றையும் அடித்த பிறகு ஒன்றுதான் மிஞ்சியது. அது சட்டப்படி தப்பு. ஆனால் வருடக்கணக்காக ஓடிய ஏற்பாடு.

ஆண்கள் இருவரும் வெளியே போயிருந்த ஒரு காலையில், வேலைக்குக் கிளம்பும் முன், கொல்லைச் சுவரருகே போய் சித்தியைக் கூப்பிட்டேன். சோறு வடித்த கையோடு வந்தார். டப்பாவிலிருந்து தோட்டாக்களைக் கொட்டி எடுத்துவந்த துணிப்பையைச் சுவருக்கு மேல் நீட்டினேன். உள்ளே என்ன என்று தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

“ஒங்கப்பா யாரைச் சுட்டுருவாருன்னு பயப்படறியோ அவங்க வூட்லயே கொண்டாந்து வெக்கிறியேடி. நல்லாத்தான் படிச்சிக்கீற” என்றார்.

வேற எங்கயும் வைக்க இடமில்லை சித்தி என்றேன். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அங்கே பருப்பு டின்னில் எறும்பு, மிளகாய் டின்னில் போடுகிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார். சித்தப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. சித்தி சொல்லவும் இல்லை.

சர்வேயர் வந்த நாள் நான் லீவு போட்டிருந்தேன். காலையிலிருந்தே காற்று இல்லை. முருங்கை இலை ஒன்றுகூட அசையவில்லை. தூரத்தில் கழனிப் பக்கம் அளவுச் சங்கிலி இழுக்கும் ஆட்கள் சின்னச் சின்னதாகத் தெரிந்தார்கள், சத்தம் இல்லாமல், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிற மாதிரி. பிறகு குரல்கள் கேட்டன. வார்த்தை புரியவில்லை. அம்மா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்பா வந்தார். சட்டையில் தோள்பக்கம் மண். என்னையும் அம்மாவையும் பார்க்கவில்லை. நேராக நடுக் கட்டுக்குப் போய் துப்பாக்கியைக் கட்டையிலிருந்து எடுத்தார். மாடத்தில் கை விட்டு டப்பாவைத் திறந்தார். காலி டப்பாவை, அதன் அடியில் ஏதாவது எழுதியிருப்பதுபோல, சற்று நேரம் பார்த்தார்.

“தோட்டா எங்க?”

“சித்தப்பா வூட்ல” என்றேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். கையில் துப்பாக்கியோடு அவர் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள் என்னென்ன சத்தம் இருந்தது என்பது இன்றைக்கும் காதில் இருக்கிறது: பல்லி, அடுப்பில் சாம்பல் சரிந்தது, அம்மாவின் மூச்சு. பிறகு அப்பா கொல்லைப் பக்கம் நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் சித்தப்பா அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அப்பா சுவரில் கையை வைத்தார்.

“டேய்.”

தண்ணீர் நின்றது.

“தோட்டா குடு.”

சித்தப்பாவுக்குத் தன் வீட்டில் தோட்டா இருப்பதே தெரியாது. அவர் அதைப் பற்றி யோசித்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை. இத்தனை வருடம் அந்தச் சுவரில் அந்த வார்த்தைக்கு அவர் சொல்லிப் பழகியது ஒன்றுதான்.

“இன்னாத்துக்கு?”

அப்பாவின் வாய் திறந்து மூடியது. நான் பக்கவாட்டில் நின்றிருந்தேன், அவருடைய தாடை அசைவது தெரிந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால் சொல்ல ஒரு வாக்கியம் இருந்தது. அதைத் தன் தம்பியிடம், சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, வாயால் சொல்ல வேண்டும். வெயில் எங்கள் மூன்று பேர் தலைமேலும் ஒரே மாதிரி அடித்துக்கொண்டிருந்தது.

“பன்னிக்கு” என்றார் அப்பா.

“பகல்லயா?” என்றார் சித்தப்பா.

யாரும் சிரிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சித்தி ஏதோ சொல்ல வருவதும், சித்தப்பா அவரை நிறுத்துவதும் கேட்டது. பிறகு சித்தப்பாவின் குரல், முன்பைவிடத் தணிவாக: “பொழுது போவட்டும்ணா. அப்பறம் வந்து கேளு, தரேன்.”

அப்பா துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். நான் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். நான் நினைத்திருந்ததைவிட அது கனமாக இருந்தது. பொழுது போன பிறகு அவர் போய்க் கேட்கவில்லை.

இதை வைத்து நான் பெரிய நியாயம் பேச விரும்பவில்லை. துப்பாக்கியே யாருக்கும் கூடாது என்று என்னால் சொல்ல முடியாது. பன்றிகள் நிஜம், ஒரே ராத்திரியில் பாதிக் கழனியைப் புரட்டிவிட்டுப் போகும். லைசென்ஸ் கொடுக்கும்போது ஆள் எப்படி என்று விசாரிக்கிறார்கள். விசாரிக்கட்டும். எங்கள் அப்பாவை எத்தனை முறை விசாரித்தாலும் நல்ல ஆள் என்றுதான் எழுதியிருப்பார்கள், அது பொய்யும் இல்லை. என் கவலை எல்லாம் கோபத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதில்தான். அந்தத் தூரத்தில் இன்னொரு மனிதர் நிற்க வேண்டும், அவர் காரணம் கேட்க வேண்டும், கேட்டதற்கு வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். வைத்திருக்கும் உரிமை ஒருவருக்கு இருக்கலாம். சுடும் உரிமை ஒருவர் கையில் முழுசாக இருக்கக் கூடாது. தொழிற்சாலையில் ஒரு தகட்டை வெட்டுவதற்கே இரண்டு பொத்தான் வைக்கிறோம்.

கல் நட்டார்கள். வழி போயிற்று. நாங்கள் ஏரிக்கரை வழியாகச் சுற்றி, எருவைத் தலையில் சுமந்தோம். அந்த விதைப்புப் பட்டத்தில் பன்றிகள் இறங்கின. அப்பா தகர டின்னைத் தட்டிக்கொண்டு வரப்பில் நின்றார், ஒருநாளும் சுவர்ப் பக்கம் போகவில்லை. அறுவடையில் மூட்டை குறைந்தது. சித்தப்பா விற்றதை நான் மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அவர் செத்துப்போகாமல் இருந்தால்தான் நான் அவரை மன்னிக்காமல் இருக்கவும் முடியும்.

கடலை பிடுங்கி முடித்த பிறகு அப்பாவாகவே சொன்னார், பட்டணத்தில் துப்பாக்கிக் கடையில் கொண்டுபோய்ப் போட்டுவிடலாம் என்று. அந்தக் கடைகளில் வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள், விற்கச் சொன்னால் விற்றும் கொடுப்பார்கள். தோட்டாவும் போக வேண்டும். அதைக் கேட்டு வாங்க அப்பா போகவில்லை. அம்மா கிணற்றடியில் சித்தியிடம் விஷயத்தைச் சொன்னார், அவ்வளவுதான்.

எங்கள் ஊரிலிருந்து நேராகப் பட்டணம் போகும் பஸ் காலையில் ஒன்றுதான், நான் வேலைக்குப் போவதும் அதில்தான். அப்பா முன்பக்கம் ஏறி, லைசென்ஸை மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சாக்கில் சுற்றிய துப்பாக்கியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி உட்கார்ந்தார். பஸ் கிளம்பும் நேரத்தில் சித்தப்பா பின்பக்கம் ஏறினார். வெளுத்த வேட்டி, தலைக்கு எண்ணெய், மடியில் ஒரு மஞ்சள் பை. கடைசி சீட்டில், பையின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கண்டக்டர் எங்கள் ஊர்க்காரர், இரண்டு வீட்டுக் கதையும் தெரிந்தவர். முன்னால் போய் அப்பாவுக்கு டிக்கெட் கிழித்தார். பின்னால் வந்து சித்தப்பாவுக்குக் கிழித்தார். என்னிடம் வந்ததும் குனிந்து, “இன்னாம்மா, ரெண்டு பேரும் ஒரே எடத்துக்குத்தான் போறாங்க, இவ்ளோ தூரமா குந்திக்கினு?” என்றார்.

அப்படித்தான் போக வேண்டும் என்றேன்.

ஜன்னலுக்கு வெளியே புதிதாக நட்ட கற்கள் வெள்ளை அடித்து வரிசையாகப் போயின, அவற்றுக்கு மேல் மெல்லிய பனி. பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மண்ணூர் திருப்பத்தில் நான் இறங்கினேன். பஸ் என்னைக் கடந்து போகும்போது அப்பா முன் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். கொஞ்சம் கழித்து, கடைசி ஜன்னல் வந்தபோது, சித்தப்பாவும் பார்த்தார்.